குரோம்பேட்டைப் பக்கம் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அறுபதுகளின் சென்னைப் புறநகர் வாழ்க்கையைப் பற்றி என் வயதுக்காரர்கள் எழுதும் பதிவுகளை ஒன்று விடாமல் படிக்கிறேன். அரிக்கேன் விளக்கு, கோலி சோடா, மீட்டர் கேஜ் ரயில் எல்லாம் வந்துவிடுகிறது. ஏரிகளை மட்டும் 'அப்போ நிறைய தண்ணி இருந்துச்சு' என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை.

குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே குரோம் லெதர் தொழிற்சாலையால் வந்தது. பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டதால்தான் என் அப்பா மாதிரி குமாஸ்தாக்கள் இவ்வளவு தூரம் வந்து ஒரு கிரவுண்டு மனை வாங்கத் துணிந்தார்கள். 'பாம்பு வர்ற இடத்துல போய் வீடு கட்டறியேடா' என்று மயிலாப்பூர் அத்தை திட்டினாளாம். பாம்பு வந்தது உண்மைதான். பாரிமுனைக்குப் போவதென்றால் 'மெட்ராஸ் போயிட்டு வரேன்' என்போம். அது வேறு ஊர்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தால் சிட்லபாக்கம் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழியும். அன்றைக்குப் பாதிப் பையன்கள் பள்ளிக்கூடம் வரமாட்டார்கள். முழங்கால் தண்ணீரில் எதிரெதிரே நின்று துண்டை அமுக்கிப் பிடித்து, சட்டென்று தூக்குவார்கள். நடுவில் கெளுத்தி துள்ளும். அதன் முள் குத்தினால் ராத்திரி முழுக்கக் கை கடுக்கும். அண்ணன்கள் இறங்குவார்கள், பெண்பிள்ளை என்பதால் நான் கரையில் நின்று பார்த்ததோடு சரி. அந்த மாதங்களில் வீட்டுக் கிணற்றுக்கு ராட்டினமே வேண்டாம், குனிந்து வாளியால் மொள்ளலாம்.

வழிந்த தண்ணீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு. ஒன்று நிறைந்தால் அடுத்ததற்கு என்று யாரோ எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் யோசித்து அமைத்த ஏற்பாடு.

எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். நாகல்கேணிப் பக்கம் தோல் கழிவால் கிணறுகள் கெட்டதும் நம் தலைமுறை கண்ணெதிரே நடந்ததுதான். அப்புறம் வயல்கள் மனையாயின. கால்வாய்கள் தெருவாயின. 2015 டிசம்பரில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் வீட்டுக்குள் வெள்ளம். 2019 கோடையில் இதே வட்டாரம் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நின்றது. தண்ணீர் வரும் வழியையும் போகும் வழியையும் அடைத்துவிட்டால் இரண்டும்தான் நடக்கும்.

'அந்தக் காலம் இனி வராது' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. வயது திரும்பாது, சரி. ஏரி திரும்பும். 2019-இல் சிட்லபாக்கத்து இளைஞர்கள் வற்றிய ஏரிக்குள் இறங்கிக் குப்பை அள்ளியதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதன்பிறகு அரசும் சீரமைப்பில் இறங்கியது. 2022-இல் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

அந்தப் பிள்ளைகளிடம் உழைப்பு இருக்கிறது. எந்தத் தெருவுக்கு அடியில் வரத்துக் கால்வாய் கிடக்கிறது, மதகு எங்கே இருந்தது என்பது நமக்குத்தான் தெரியும். எழுபதைத் தாண்டிவிட்டோம். கோலி சோடாவை அடுத்த பதிவில் எழுதிக்கொள்ளலாம். இந்த வாரமே ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் பழைய தெருவை வரையுங்கள், தண்ணீர் ஓடிய திசைக்கு அம்புக்குறி போடுங்கள், குடியிருப்போர் நலச் சங்கத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். எங்கள் தெருப் படத்தை நான் வரைய ஆரம்பித்துவிட்டேன். நினைவு தப்பும் இடங்களில் அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.