"எங்கள் பக்கம் இந்தப் பிழை வரவில்லை"

எங்களுக்குச் சிப் தருகிற கம்பெனியின் நெட்வொர்க் டிரைவரில், அதாவது அந்தச் சிப்பை லினக்ஸ் இயக்குவதற்கான மென்பொருளில், ஒரு பிழை என்று புகார் எழுதியிருந்தேன். இன்று காலை வந்த பதில் இந்த ஒரு வரிதான். புகாரையும் மூடிவிட்டார்கள். மூன்று ராத்திரி கண்விழித்து நான் எழுதி அனுப்பினதை ஒரு ஆள்கூடத் திறந்து படிக்கவில்லை. வயிறு எரிகிறது.

அந்தச் சிப்போடு நெட்வொர்க் டிரைவரையும் அவர்களேதான் தருகிறார்கள். முப்பந்தலில் ஒரு காற்றாலையின் அடியில் இருக்கிற எங்கள் பெட்டிக்குள் அதுதான் ஓடுகிறது. பல தடவை ஒழுங்காக பூட் ஆகும், திடீரென்று ஒரு தடவை பேனிக் ஆகி அப்படியே நின்றுவிடும். நாகர்கோவிலில் மேஜைமேல் வைத்தால் வரவே வராது. அதனால் ஆடி மாசக் காற்றில் அங்கேயே போய், லேப்டாப்பை மடியில் வைத்து, சீரியல் கேபிளைச் செருகி உட்கார்ந்தேன். ஆஃப், ஆன். நன்றாக வந்தது. ஆஃப், ஆன். மறுபடியும் நன்றாக வந்தது. கீபோர்டெல்லாம் மண். காவலுக்கு இருந்த அண்ணாச்சி, "உள்ள வந்து இரி மக்ளே, கண்ணுல மண்ணு போவும்" என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். எழுந்து போகிற நேரத்தில் வந்து தொலைத்தால் என்ன செய்வது? பதினான்காவது தடவை விழுந்தது.

திரையில் ஹெக்ஸில் ஒரு நினைவக முகவரி. பதிமூன்று எஃப், அப்புறம் டி, எஃப், பி. லினக்ஸின் மையமான கர்னலில் கை வைத்த எவருக்கும் இதைப் பார்த்ததும் பொறி தட்ட வேண்டும். அது முகவரியே இல்லை, மைனஸ் 517. டிரைவர் கேட்ட கிளாக் (சிப்புக்குத் தாளம் தட்டுகிற சிக்னல்) இன்னும் தயாராகவில்லை, 'கொஞ்சம் பொறு, அப்புறம் வா' என்று கர்னல் சொல்கிற எண். 2012-ல் வந்த 3.4 கர்னலிலிருந்து இருக்கிற ஏற்பாடு இது. பிழை எண்ணை, முகவரியைச் சுமக்கிற பாயிண்டருக்குள்ளேயே வைத்து அனுப்புவதும், முகவரி வரிசையின் கடைசி 4095 இடங்களை அதற்கென்றே ஒதுக்கியிருப்பதும் லினக்ஸ் டிரைவர் எழுதுகிறவன் முதல் வாரத்திலேயே படிக்கிற பாடம். வந்தது 'நல்'தானா, அதாவது வெறும் பூஜ்யமா, என்று மட்டும் பார்த்தால் போதாது, பிழை எண்ணா என்று கேட்கிற 'இஸ்_எர்' போட்டுப் பார்க்க வேண்டும். இவர்கள் 'நல்' மட்டும் பார்த்தார்கள். மைனஸ் 517 நல் இல்லையே! அதையே கிளாக் என்று எடுத்துக்கொண்டு ஓட்டப் போய்த்தான் விழுந்திருக்கிறது.

சரி, ஒரு வரி. மாற்றிவிட்டேன். அப்புறம்தான் நிஜமான கொடுமை. இப்போது டிரைவர் ஒழுங்காகப் பிழையைக் கண்டுபிடித்து, பின்வாங்குகிற வழிக்குப் போனது. அங்கேயும் விழுந்தது! பார்த்தால், முதல் வேலையாக நெட் டிவைஸை (நெட்வொர்க் கருவிக்காக கர்னல் வைத்திருக்கிற பதிவை) ஃப்ரீ செய்து அதன் நினைவகத்தை விட்டுவிடுகிறார்கள், அதற்கு அப்புறம் டிரைவரின் சொந்தத் தரவுக்குள் போய் சிப்பின் ரெஜிஸ்டர் முகவரியை எடுத்து அன்மேப் செய்கிறார்கள், அதாவது அந்த இணைப்பை விடுவிக்கிறார்கள். அந்தத் தரவு இருப்பதே நெட் டிவைஸோடு சேர்த்து ஒதுக்கின நினைவகத்தில்தான். வீட்டை இடித்துத் தள்ளிவிட்டு, பீரோவில் வைத்த சாவியை எடுக்கப் போகிற கதை. பழைய மதிப்பு சில நேரம் அழியாமல் கிடக்கும், தப்பித்துவிடும். நினைவகத் தப்புகளைப் பிடிக்கிற கேசான் என்ற கர்னல் கருவியைப் போட்டு ஓட்டினேன், முதல் தடவையே பிடித்துக் கொடுத்தது. கடைசியாக வாங்கினதை முதலில் விட வேண்டும், வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். இதைக்கூடவா ஒருவர் சொல்லித் தர வேண்டும்?

அவர்கள் போர்டில் கிளாக் டிரைவர் எப்போதும் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது, அதனால் 517 எட்டிப்பார்ப்பதே இல்லை. இது எனக்குத் தெரியாதா? தெரிந்துதானே, கிளாக் வாங்குகிற இடத்தில் வேண்டுமென்றே மைனஸ் 517-ஐத் திருப்பி அனுப்புங்கள், எந்த போர்டிலும் ஒவ்வொரு தடவையும் விழும் என்று மூன்றாவது பத்தியில் எழுதியிருந்தேன்! இரண்டு நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் 'வரவில்லை' என்று எப்படி எழுத மனசு வந்தது? பிழை வந்தால் ஓட வேண்டிய நிரலை ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்காமல் அடுத்தவன் தலையில் கட்டுகிறார்கள். அது விழுகிற இடத்தில் நிற்பவன் நான்தான்.

முப்பந்தலில் அது விழுந்த அன்றைக்குச் சாயங்காலம் ஆரல்வாய்மொழி ஸ்டாப்பில் நின்றேன். பக்கத்தில் பிச்சிப்பூக் கூடையோடு ஒரு அக்கா. பஸ் வந்தது, இரண்டு பேரும் கை காட்டினோம். உள்ளே பாதி சீட் காலி, வண்டி நிற்கவே இல்லை. வந்த வேகத்தில் மண்ணை வாரி அடித்துவிட்டுப் போய்விட்டது. அந்தக் கூடையை மறுபடியும் இறக்கி வைக்க அந்த அக்கா எவ்வளவு கஷ்டப்பட்டாள் தெரியுமா? கை காட்டினால் நிறுத்துவதற்கு என்னய்யா கேடு?