சர்க்கரையை மறைக்கச் சொல்கிறார்கள்

வருகிற மே மாதம் எனக்கு 58 வயது நிறைகிறது. அலுவலகம் கொடுத்திருக்கும் குழு மருத்துவக் காப்பீடும் அன்றோடு முடிகிறது. இது எங்கள் மனிதவளப் பிரிவுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, காப்பீடு விற்கும் அத்தனை பேருக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது. 1909 என்ற எண்ணில் பதிவு செய்து விளம்பர அழைப்புகளைத் தடுத்துவிட்டேன். ஆனாலும் சாதாரணப் பத்து இலக்க எண்களிலிருந்து, சரியாக நான் சோற்றில் கை வைக்கும் நேரத்தில், "அங்கிள், ரெண்டே நிமிஷம்" என்று யாராவது தொடங்கிவிடுகிறார்கள்.

அந்த இரண்டு நிமிடத்தில் அவர்கள் சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டதை, ஏதோ அவர்களுடைய நிறுவனம் மனமிரங்கிக் கொடுத்த தள்ளுபடியைப் போலவும், இன்று மாலைக்குள் பணம் கட்டாவிட்டால் அது பறிபோய்விடும் என்பதைப் போலவும் பேசுகிறார்கள். ஆனால் குழுக் காப்பீட்டிலிருந்து, அதை வழங்கும் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்கலாம், அப்படி மாறினால் ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலம் (சில நோய்களுக்குப் பணம் கிடைக்காத தொடக்க காலம்) கணக்கில் சேரும் என்பதை ஒருவர்கூட வாய்தவறியும் சொன்னதில்லை. அதை நானேதான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

மருத்துவமனை அறை வாடகைக்குக் காப்பீடு வைக்கும் வரம்பைப் பற்றிக் கேட்டபோது, "அது சின்ன விஷயம் சார்" என்றார் ஒருவர். காப்பீட்டுத் தொகை 3 லட்சம், அறை வாடகைக்கு அதில் ஒரு சதவீதம் என்றால் நாளொன்றுக்கு 3,000 ரூபாய். நான் 6,000 ரூபாய் அறையில் படுத்தால், வாடகையில் மட்டுமல்லாமல், மருத்துவர் கட்டணத்திலும் அறுவை அரங்கக் கட்டணத்திலும்கூடப் பாதியை வெட்டிவிடுவார்கள். 'விகிதாச்சாரக் கழிவு' என்று இதற்கு அழகாக ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, மூத்தோருக்கென்றே தனியாக விற்கும் பாலிசிகள் பலவற்றில், ஒவ்வொரு கோரிக்கையிலும் குறிப்பிட்ட பங்கை நாமே கட்ட வேண்டும் என்ற நிபந்தனை பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது. ஓய்வூதியம் இல்லாதவனுக்கு இதுதான் சின்ன விஷயமா?

போன வாரம் ஒரு பையன் வீட்டுக்கே வந்தான். எனக்குப் பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அதெல்லாம் ஃபார்ம்ல போட வேணாம் சார், பிரீமியம் ஏறும்" என்றான். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு இப்போது அதிகபட்சம் 36 மாதம்தான். உண்மையைச் சொல்லிவிட்டு மூன்றாண்டு பொறுத்திருந்தால் அந்த நோய்க்கும் பாதுகாப்பு கிடைக்கும். மறைத்தால், மருத்துவமனைப் பதிவேட்டில் அந்தப் பதினோரு ஆண்டு எழுதப்பட்டிருக்கும் நாளில் கோரிக்கையை நிராகரித்துக் கையை விரிப்பார்கள். கமிஷன் வாங்கியவன் அப்போது எந்த ஊரில் இருப்பானோ!

நான் அவனிடமிருந்து பேனாவை வாங்கி, சர்க்கரை, பதினோரு ஆண்டுகள், மெட்ஃபார்மின் காலையிலும் இரவிலும் ஒவ்வொன்று என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். தினமும் மூன்று முறை அழைத்துக்கொண்டிருந்தவன் அதற்குப் பிறகு ஒருமுறைகூட அழைக்கவில்லை.