அம்பின் எடையைக் கேட்டது தப்பா?

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி அந்தப் பன்றி வேட்டை வீடியோவை இன்னொருவரும் பகிர்ந்து "செம ஷாட் ப்ரோ" என்று போட்டிருந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எந்த வீடியோ என்று நம் வில் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து, சாயங்கால வெளிச்சம், கொழுத்த ஆண் பன்றி, 30 யார்டு. அம்பு தோளில் படுகிறது. கத்துகிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள், பாட்டு ஓடுகிறது, வீடியோ முடிந்துவிடுகிறது. அம்பில் முக்கால்வாசி வெளியே ஆடிக்கொண்டிருக்க அந்தப் பன்றி புதருக்குள் ஓடியதே, அப்புறம் அது என்ன ஆனது என்று ஒரு வரி இல்லை. நான் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, அம்பின் மொத்த எடை எத்தனை கிரெயின்?" (அம்பை எடைபோடும் அளவு அது, சுமார் 15 கிரெயின் சேர்ந்தால் ஒரு கிராம்.) வந்த பதில்: "அங்கிள், தியரியெல்லாம் வேண்டாம், 290 எஃப்பிஎஸ் போகுது." வினாடிக்கு 290 அடி என்கிறார். கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். காலையில் பார்த்தால் என் கேள்வியையே காணோம். அழித்துவிட்டார்கள்.

கேள்வியில் என்ன தப்பு? வேட்டைக்கு எடுத்துப் போகும் அம்பின் எடையை விலங்கைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வேகத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இதைத்தான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சிங்கப்பூரில் நாம் எல்லாரும் பழகியது அட்டை இலக்கில். கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லுக்குப் போட்டியில் இழுவிசை 60 பவுண்டுதான் உச்ச வரம்பு. அந்த வில்லில் 50 மீட்டருக்கு அம்பு தட்டையாகப் போக வேண்டும் என்பதற்காக மெல்லிசான, எடை குறைந்த அம்பு போடுகிறோம். போட்டிக்கு அது சரி, நானும் அப்படித்தான் விடுகிறேன். அட்டைக்கு எலும்பு கிடையாது, வலியும் கிடையாது. அதே அம்பில் முனையை மட்டும் கழற்றிவிட்டு, பிளேடு வைத்த வேட்டை முனையான பிராட்ஹெட்டைத் திருகிக்கொண்டு விமானம் ஏறுவதுதான் பிரச்சினை.

என் வில்லில், அம்பின் வேகத்தைக் காட்டும் குரோனோகிராஃப் வைத்து அளந்த கணக்கைச் சொல்கிறேன். 380 கிரெயின் அம்பு வினாடிக்கு 275 அடி போகிறது. 520 கிரெயின் அம்பு 240 அடி. இயக்க ஆற்றல் முதலாவதற்கு சுமார் 64 அடி-பவுண்டு, இரண்டாவதற்கு சுமார் 66. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உந்தம் கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடுகிறது. எலும்பிலும் தசையிலும் தடை வரும்போது அம்பை நிற்கவிடாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போவது அதுதான். இவ்வளவுக்கும் கூடுதல் எடை 9 கிராம், நம் ஒரு வெள்ளி நாணயத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அந்த 9 கிராமைச் சுமக்க மாட்டேன் என்றுதான் அடம் பிடிக்கிறோம்.

"கனமான அம்பு சீக்கிரம் இறங்கிவிடும், தூரத்தைத் தப்பாகக் கணித்தால் போச்சு" என்பார்கள். சரி, அதையும் கணக்குப் போடுவோம். காற்றுத் தடையை விட்டுவிடுங்கள். வில்லின் சைட்டில் 30 யார்டுக்கு வைத்த குறி ஊசியில் (பின்) குறி வைக்கிறீர்கள், விலங்கு உண்மையில் 35இல் நிற்கிறது. 275 அடி வேக அம்பு சுமார் 4 அங்குலம் கீழே படும். 240 அடி வேக அம்பு 5 அங்குலத்துக்குச் சற்று மேல். வித்தியாசம் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம். எல்லார் கையிலும் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் இருக்கிற காலத்தில் இந்த ஓர் அங்குலத்துக்குப் பயந்தா இலகு அம்பு?

"வேகமாகப் போனால் விலங்கு சத்தம் கேட்டு விலகாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒலி வினாடிக்கு 1,100 அடிக்கு மேல் போகிறது. 290 ஆனாலும் 240 ஆனாலும் வில்லின் சத்தம்தான் முதலில் போய்ச் சேரும். அம்பு இலேசாக இருந்தால் அது எடுத்துக்கொள்ளாத ஆற்றல் வில்லிலேயே அதிர்வாகவும் சத்தமாகவும் தங்குகிறது. கனமான அம்பை ஏற்றினால் வில் அடங்கிப் பேசும். விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இனி, நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு. குயின்ஸ்லாந்தில் சார்ட்டர்ஸ் டவர்ஸ் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணைக்குப் புள்ளிமானுக்காகப் போயிருந்தேன். நம்ம ஊர் புள்ளிமான்தான். 1886இல் அந்த வட்டாரத்து மேரிவேல் பண்ணையில் கொண்டுவந்து விட்டது, இன்று அங்கே தொல்லை விலங்கு. அந்தப் பண்ணைக்காரர் தாம் சுட்ட ஒரு பன்றியை உரித்துக்கொண்டிருந்தார். ஆண் பன்றிக்குத் தோளில் கேடயம் மாதிரி கெட்டியான தசைநார் இருக்கும், கத்தியே திணறும். அதை அறுக்கும்போது கத்தி எதிலோ தட்டியது. விரலை விட்டுப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். கார்பன் அம்பின் துண்டு, சுண்டுவிரல் நீளம். தண்டின் சுவர் காகிதம் மாதிரி மெல்லிசு, போட்டி அம்பு என்று பார்த்ததும் தெரிந்தது. முனையில் இருந்த பிளேடு ஒன்று மடங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் மஞ்சளாகச் சீழ் கட்டி, ஆறி, மறுபடி உடைந்த புண். எத்தனை மாதம் அதோடு அலைந்ததோ. அவர் திட்டவில்லை. "உங்க ஆட்கள் யாராவதா?" என்று மட்டும் கேட்டார். நான் அந்தப் பண்ணையில் யாருக்கும் அம்பு கொடுத்தவன் இல்லை, ஆனாலும் அந்தக் கேள்விக்கு முன்னால் தலை நிமிரவில்லை.

அதனால்தான் கேட்டேன் தம்பி, எத்தனை கிரெயின் என்று.

"எடையைவிட எங்கே படுகிறது என்பதுதான் முக்கியம்" என்று சொல்வீர்கள். முழுக்க ஒத்துக்கொள்கிறேன். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், கீழ்ப் பாதியில் பட்டால் இலகு அம்பும் வேலையை முடிக்கும். ஆனால் விலங்கு அட்டை மாதிரி நிற்பதில்லை. விரல் அசையும் நேரத்தில் ஓர் அடி எடுத்து வைக்கும், அம்பு தோளில் போய்ப் படும். வீடியோவிலும் அதுதானே நடந்தது? எல்லாம் சரியாக நடக்கும்போது எந்த அம்பும் போதும். சரியாக நடக்காத அந்த ஒரு தடவைக்குத்தான் எடை.

"அப்போ எல்லாரும் 650 கிரெயின் போடணுமா?" நான் எங்கே அப்படிச் சொன்னேன்? வேட்டை அம்புகளை ஆராய்ந்த எட் ஆஷ்பி 1980களில் தென்னாப்பிரிக்காவில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் சோதித்துச் சொன்ன அந்த 650, கனமான எலும்பை உடைப்பதற்கான வரம்பு. புள்ளிமானுக்கு அது தேவையில்லை. என் கணக்கு, மானுக்கு வில்லின் இழுவிசையில் ஒரு பவுண்டுக்கு 7 கிரெயினுக்குக் குறையாமல், பன்றிக்கு 8, 9. என் பன்றி அம்பைப் பிரித்தே சொல்லிவிடுகிறேன்: அங்குலத்துக்கு 9.5 கிரெயின் வரும் 340 ஸ்பைன் தண்டு (ஸ்பைன் என்பது தண்டின் விறைப்பு, எண் குறைந்தால் விறைப்பு அதிகம்) 28 அங்குலம், அது 266. முனையைத் திருகும் பித்தளை இன்செர்ட் 75. பிராட்ஹெட் 150. நாணில் மாட்டும் பின்முனையும் (நாக்) இறகும் சேர்ந்து 30. ஆக 521. முன்னால் எடையைக் கூட்டும்போது தண்டு கூடுதலாக வளையும், அதனால் 400 ஸ்பைனிலிருந்து 340க்கு மாறினேன். வெறும் முனையை மட்டும் பெரிதாக்கினால் அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போகும், எடை கூட்டிய பலனே இருக்காது. இதில் தியரி எங்கே இருக்கிறது? தராசும் கூட்டலும்தான் இருக்கிறது.

வேட்டையே வேண்டாம் என்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. இங்கே 2020இல் வந்த வனவிலங்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் எந்தக் காட்டு விலங்கையும் கொல்லக் கூடாது. பாசிர் ரிஸில் பன்றி வந்தால் தேசியப் பூங்காக் கழகத்தைக் கூப்பிட வேண்டும், அதுதான் சரி. ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு, அங்கே காட்டுப்பன்றி பயிரையும் நிலத்தையும் நாசமாக்குகிறது, பண்ணைக்காரர்களே கூப்பிடுகிறார்கள். ஆனால் கொல்வது என்று முடிவான பிறகு அதை எப்படிக் கொல்கிறோம் என்பது யாருடைய பொறுப்பு?

என் தாத்தா ஜோகூரில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். தோட்டத்துப் பன்றி வேட்டைக்கு நாயோடு போகிறவர். சுட்ட பன்றி ஓடிவிட்டால் ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை போவாராம், விடிந்ததும் மறுபடி போவாராம். பாட்டி சோற்றை மூடிவைத்துவிட்டுத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம். "அரைகுறையா விட்டுட்டு வந்து சோறு இறங்குமா?" என்பது தாத்தாவின் பேச்சு. பள்ளிக்கூடம் போகாத மனிதர். அவரிடம் யாரும் இயக்க ஆற்றல் சொல்லவில்லை. ஓடிய பன்றியைத் தேடாமல் திரும்ப அவருக்குத் தெரியாது. நம்மிடம் ரேஞ்ச்ஃபைண்டர், கேமரா, நானூறு வெள்ளி சைட் எல்லாம் இருக்கிறது, பன்றி எங்கே போனது என்ற கேள்வி மட்டும் இல்லை.

எனக்கு வலித்தது கேள்வியை அழித்ததுதான். அங்கிள் என்று கூப்பிட்டது கூடப் பரவாயில்லை, வயசு ஆகிறது. அந்தச் சிரிப்பு முகம் போட்டவர்களில் பாதிப் பேருக்கு நான்தான் நாண் சுற்றிக் கொடுத்தேன், என் காரில் ஏற்றிக்கொண்டு திடலுக்குக் கூட்டிப் போனேன். கணக்குச் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் ஒருவர்கூட "அண்ணன் கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்று எழுதவில்லையே.

அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள் இதையாவது கேளுங்கள். உங்கள் அம்பு ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எடையைத் தண்டிலேயே எழுதுங்கள். கிரெயின் தராசு என்னிடம் இருக்கிறது, வீட்டுக்கு வரலாம், சிரித்தவர்களும் வரலாம். நம் திடலில் பிராட்ஹெட் விட அனுமதி இல்லை. அதனால் அங்கே போய் இறங்கிய முதல் காலை முழுவதும் நுரை இலக்கில் பிராட்ஹெட்டோடு 20, 30 யார்டு விட்டுப் பாருங்கள். சைட்டின் குறி ஊசியை நகர்த்த வேண்டியிருந்தால் நகர்த்துங்கள். அது முடியாமல் ஒருவரும் புதர்ப் பக்கம் போகக் கூடாது என்று பண்ணைக்காரரிடம் நானே பேசிவிட்டேன், அவரும் சரி என்று சொல்லிவிட்டார்.