கணபதி க

(டோக்கியோ, நிஷிகசாய். இரவு 8 மணி. முரளி ஆபீஸிலிருந்து வந்து வயிற்றைப் பிடித்தபடி உட்காருகிறான்.)

கல்பனா: தோசை ஊத்தட்டுமா?

முரளி: வயித்துல இடமே இல்ல. ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து 7 கப் தண்ணி குடிக்க வச்சுட்டாங்க.

கல்பனா: அப்படி என்ன கேட்டுத் தொலைச்சீங்க?

முரளி: இருமல் மிட்டாய்! தொண்டை கட்டியிருக்கே, "நோதோ கரகர"ன்னேன். நோதோன்னா தொண்டை. கரகர நம்ம ஊரு கரகரப்புதானேன்னு ஒரு தைரியம்.

கல்பனா: ஐயையோ! அது தாகத்துல தொண்டை வறண்டு போச்சுங்கறது.

முரளி: அதான் நான் சொல்லச் சொல்ல ஊத்திக்கிட்டே இருந்தாங்களா!

கல்பனா: குரல் கம்மினாலும் கரகரதான். ஆனா அது கணபதி க. நீங்க சொன்னது கத்திரிக்காய் க.

முரளி: (நோட்டைப் புரட்டி) ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு.

கல்பனா: தமிழ்ல எழுதினா அப்படித்தான் இருக்கும். அவங்க எழுத்து ஓரமா ரெண்டு சின்னக் கோடு போடுவாங்க. கோலிக்குண்டு உருண்டா கத்திரிக்காய் கொரோகொரோ. பாறாங்கல் உருண்டா, இடி இடிச்சா, கணபதி கொரோகொரோ. தொந்தி பெருசு, பாரம் பெருசுன்னு ஞாபகம் வச்சுக்குங்க.

முரளி: நேத்து ஒருத்தர் ரயிலைக் காட்டி கரகரன்னாரே, ரயிலுக்குமா தொண்டை கட்டும்?

கல்பனா: அது காலியா இருக்குன்னு. கணபதிதான்.

முரளி: காலியா? காலையில தோசாய் லைன்ல நான் மூச்சு விடவே முறை போட்டுக்கிட்டு வரேன்!

கல்பனா: அந்த நெரிசலுக்கு க்யூக்யூ. அதுவும் கணபதி.

முரளி: கூட்டத்துக்கும் அவரே, காலிக்கும் அவரே! இதுக்கு நம்ம இரட்டைக்கிளவி எவ்வளவோ தேவலை. (வயிறு உருளுகிறது) கேட்டியா? இது எந்தக் க?

கல்பனா: சந்தேகமே இல்ல. கணபதி கொரோகொரோ.

முரளி: அப்ப நாளைக்கு லீவு. (ஃபோனில் தட்டி) மேனேஜருக்கு அனுப்பியாச்சு. கணபதி கொரோகொரோதான், ரெண்டு கோடும் போட்டுட்டேன்.

கல்பனா: வயிறுன்னு போட்டீங்களா?

முரளி: வயித்துக்கு வார்த்தை மறந்துடுச்சு. நாளைக்கு வீட்டுல கொரோகொரோன்னு போட்டேன்.

கல்பனா: போச்சு! அப்படின்னா, வேலைவெட்டி இல்லாம பாயில உருண்டுக்கிட்டுக் கிடப்பேன்னு அர்த்தம்!

முரளி: (சோஃபாவில் சாய்ந்து) பரவாயில்லையே, மூணு மாசத்துல இன்னிக்குத்தான் ஜப்பான் மொழியைத் தப்பில்லாமப் பேசியிருக்கேன்.