நூலகத்துக்குள் வர உறுப்பினர் அட்டை தேவையில்லை

ஊரிலிருந்து சிங்கப்பூருக்குப் புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்கு முதல் வாரத்திலேயே நாம் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். எங்கே சிம் கார்டு வாங்குவது, எங்கிருந்து பணம் அனுப்பினால் நல்ல விலை கிடைக்கும், தேக்கா என்ற லிட்டில் இந்தியா வட்டாரத்தில் எந்தக் கடையில் வயிறு நிறையச் சாப்பிடலாம் என்பதெல்லாம் வாய்வழியாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் தேக்காவிலிருந்து இருபது நிமிடம் நடந்தால் விக்டோரியா ஸ்திரீட்டில் 16 மாடித் தேசிய நூலகக் கட்டடம் இருக்கிறது, அங்கே யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து படிக்கலாம் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. சொன்னாலும், "நம்மையெல்லாம் உள்ளே விடுவார்களா அண்ணே?" என்றுதான் கேட்கிறார்கள்.

தாராளமாக விடுவார்கள். அட்டையைக் காட்டச் சொல்ல மாட்டார்கள். எதையும் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. புத்தகத்தை இரவல் வாங்கி வீட்டுக்கு எடுத்துச் செல்வதற்குத்தான் உறுப்பினராக வேண்டும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அது இலவசம். வேலை அட்டையில் இருப்பவர்களுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. இந்த ஒரு விவரம்தான் காதோடு காதாகத் திரிந்து, "வெளிநாட்டவருக்குக் காசு" என்று ஆகிவிட்டது. உட்காருவதற்கும், அலமாரியிலிருந்து எடுத்து அங்கேயே படிப்பதற்கும், இலவச வைஃபைக்கும், குளிர்சாதனத்துக்கும் ஒரு காசும் கிடையாது. இந்த நகரத்தில் காப்பிகூட வாங்காமல் பல மணி நேரம் மரியாதையாக உட்கார்ந்திருக்கக்கூடிய இடங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், இதன் அருமை தெரியும்.

இது தற்செயலாகக் கிடைத்த சலுகை அன்று. 1845இல் இங்கே தொடங்கப்பட்ட நூலகம் சந்தா கட்ட முடிந்தவர்களுக்கானதாகத்தான் இருந்தது. 1953இல் தொழிலதிபர் லீ கொங் சியான் புதிய நூலகக் கட்டடத்துக்காக 375,000 வெள்ளி (டாலர்) தர முன்வந்தபோது, நூலகம் எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், இங்குள்ள மக்கள் பேசும் ஆசிய மொழிகளின் நூல்களையும் அது வளர்க்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் 1960இல் திறக்கப்பட்ட அந்தச் செங்கல் கட்டடம் இன்று இல்லை. ஆனால் நிபந்தனை இன்னும் உயிரோடு இருக்கிறது. அவரும் 1903இல் சீனாவின் ஃபூஜியானிலிருந்து சிறுவனாக இங்கே வந்து இறங்கியவர்தான். பிழைக்க வந்த ஒருவர் போட்ட நிபந்தனையால் திறந்த கதவு, பிழைக்க வந்த இன்னொருவருக்கு அந்நியமாகத் தோன்றக் கூடாது என்பதே என் வாதம்.

அவருடைய பெயரைத் தாங்கிய மேற்கோள் நூலகம் அதே விக்டோரியா ஸ்திரீட் கட்டடத்தின் மேல்மாடிகளில், ஏழாவது மாடியில் தொடங்குகிறது. அங்குள்ள நூல்களை யாருமே வெளியே எடுத்துப் போக முடியாது என்பதால், குடிமகன், வேலை அனுமதிக்காரர் என்ற வேறுபாடு அந்த மேசையில் தானாகவே மறைந்துவிடுகிறது. சிங்கப்பூர்த் தமிழரைப் பற்றி அறிய விரும்புபவர் அங்கே மணிக்கணக்கில் உட்காரலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் பழைய தமிழ் முரசு நாளிதழ்களைக் கைப்பேசியிலேயே புரட்டலாம். 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களும் மின்வடிவில் தொகுக்கப்பட்டிருக்கின்றன.

ஆனால் வாசிப்பைவிட மேசையைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நூலகத்தில் என் எதிரே ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். கம்பெனி பெயர் அச்சிட்ட டி-சட்டை. கோடு போட்ட நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். கிரேன் தூக்கும் வேலையை மேற்பார்வையிடும் லிஃப்டிங் சூப்பர்வைசர் படிப்புக்காகத் தயார் செய்துகொண்டிருந்தார். கிரேனில் சுமையைக் கட்டும் ஸ்லிங் என்ற கயிறுகள் விரிய விரிய அவை தாங்கும் எடை ஏன் குறைகிறது என்பதற்கு ஒரு முக்கோணம் வரைந்து, அழித்து, மறுபடியும் வரைந்தார். பத்துப் பன்னிரண்டு பேர் தங்கும் விடுதி அறையில், ஒருவர் ஊருக்குப் பேச, ஒருவர் படம் பார்க்க, இரவு ஷிஃப்ட் முடிந்த ஒருவர் தூங்க, அந்த முக்கோணத்தை எங்கே வரைவது? கட்டிலின் மேல் நோட்டை வைத்துப் படித்தவர்களுக்கு ஒரு மேசையின் மதிப்பு தெரியும். அந்தத் தேர்வில் தேறினால் அவருடைய சம்பளம் மட்டுமன்று, அவர் கீழே நின்று கைகாட்டும் தளத்தில் மற்றவர்களின் உயிரும் காக்கப்படும்.

இதே மேசைக்குத் தேர்வுக் காலத்தில் பெரும் போட்டி. பையையும் நோட்டையும் வைத்து இடம்பிடித்துவிட்டு இரண்டு மணி நேரம் வெளியே போய்விடும் பழக்கம் எனக்குச் சிறிதும் உடன்பாடானதன்று. மாணவர்களுக்குப் பள்ளியும், பல்கலைக்கழக நூலகமும், சமூக மன்றப் படிப்பறையும் இருக்கின்றன. வாரத்தில் ஒரே ஒரு நாள் விடுப்புள்ளவருக்கு இது ஒன்றுதான். அதுபோல நம்மவர்களும் உள்ளே கைப்பேசியில் உரக்கப் பேசுவதையும், வீடியோவைச் சத்தமாக வைப்பதையும் தவிர்க்க வேண்டும். ஒருவர் செய்தாலும் பழி எல்லார் மீதும் விழுகிறது.

நூலக வாரியத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பொது விடுமுறை நாள்களில் நூலகங்கள் மூடப்படுகின்றன. குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு அதனால் குறையில்லை. ஆனால் சீனப் புத்தாண்டு போன்ற நாள்களில்தான் வெளிநாட்டு ஊழியர்கள் பலருக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுப்பு கிடைக்கிறது. போவதற்கு உறவினர் வீடும் இல்லை. நூலக ஊழியர்களுக்கும் பண்டிகை உண்டு என்பதை மறுக்கவில்லை. எல்லாக் கிளைகளையும் திறக்க வேண்டாம். ஒரே ஒரு நூலகத்தின் ஒரு தளத்தை, காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை, மேசைகளுக்காக மட்டும் திறந்து வைத்தால்கூடப் போதும்.