டப்பாவைத் தடவியது போதும், டிஸ்கைப் பற்றிச் சொல்லுங்கள்

செவ்வாய்க்கிழமை நெருங்கினாலே எனக்கு எரிச்சல் தொடங்கிவிடும். டிவிடியை விடத் துல்லியமாகப் படம் காட்டும் ப்ளூ-ரேயும், அதையும் விடத் துல்லியமான 4கே டிஸ்கும் அமெரிக்காவில் புதிதாகக் கடைக்கு வரும் கிழமை அது. அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே ஆளாளுக்கு ஒரு பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். "சேகரிப்பாளர்கள் தவறவே விடக்கூடாத பத்து", "இந்த மாதம் உங்கள் அலமாரிக்கு வந்தே ஆக வேண்டியவை". பத்தும் அருமையாம். போன மாதம் சொன்ன பத்தும் அருமைதான், அதற்கு முந்தைய மாதத்துப் பத்தும் அருமைதான். எதைத்தான் ஐயா வாங்க வேண்டாம் என்கிறீர்கள்? ஒரே ஒரு டிஸ்கையாவது பிடித்து, "இது சரியில்லை, வீட்டில் இருக்கும் பழையதே போதும்" என்று எப்போதாவது சொன்னதுண்டா?

சொல்ல மாட்டார்கள். பாதிப் பேர் டிஸ்கை பிளேயருக்குள் போட்டுப் பார்ப்பதே இல்லை. பிரீ-ஆர்டர் தொடங்கிய அன்றே பரிந்துரை வந்துவிடுகிறது. டிஸ்க் அச்சாகி வர இன்னும் இரண்டு மாதம் இருக்கும். கீழே வாங்குவதற்கான லிங்க், அதில் அவர்களுக்குக் கமிஷன். கமிஷன் வாங்குவதில் எனக்குப் பொறாமை இல்லை, அவர்களும் பிழைக்க வேண்டுமே. ஆனால் பார்க்காத ஒன்றைப் பார்த்த மாதிரி சிபாரிசு செய்வதற்கு என்ன பெயர்?

சரி, டிஸ்க் கைக்கு வந்த பிறகாவது பேசுவார்களா என்று வீடியோவைத் திறந்தால், பத்து நிமிடம் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கிறார்கள். மேலே போடும் அட்டை உறையான ஸ்லிப்கவரின் மினுமினுப்பு, தகர டப்பாவான ஸ்டீல்புக்கில் எழுத்து புடைத்திருக்கும் அழகு, உள்ளே நாலு படத்து அட்டை, ஒரு போஸ்டர். டிஸ்க் தலைகாட்டுவது கடைசி இருபது விநாடி. அதிலும் டிஸ்கின் மேல் என்ன படம் அச்சடித்திருக்கிறது என்றுதான் பேச்சு. நீங்கள் தகர டப்பா சேகரிப்பவர் என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள், நான் வேறு பக்கம் போய்க்கொள்கிறேன். சினிமா சேகரிப்பவர் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு டப்பாவைத் தடவிக்கொண்டிருக்காதீர்கள்.

சென்னையில் உட்கார்ந்து வாங்குகிற எனக்கு முதலில் தெரிய வேண்டியது ரீஜன், அதாவது எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று டிஸ்கில் போடும் பூட்டு. ப்ளூ-ரேயில் அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி, இந்தியா சி. இங்கே கடையில் வாங்கிய பிளேயரில் ஏ என்று பூட்டிய டிஸ்கைப் போட்டால் ஒரு எச்சரிக்கைப் பலகை வரும், அவ்வளவுதான். எல்லா ரீஜனும் ஓடும்படி மாற்றிய பிளேயர் வேண்டும், அல்லது பூட்டு இல்லாத டிஸ்க் வேண்டும். பட்டியல் போடுபவருக்கு இதை எழுத ஒரே ஒரு எழுத்துதான் செலவு. ஏ, பி, சி. அதைக்கூட எழுத மாட்டார். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் எல்லா ரீஜனிலும் ஓடும் என்று போட்டிருந்ததை நம்பி வாங்கி, கூரியர் காசும் சுங்க வரியும் கட்டி, வந்து பார்த்தால் பி என்று கெட்டியாகப் பூட்டியிருந்தது. திருப்பி அனுப்பலாமாம். அனுப்பும் செலவு என்னுடையதாம். டிஸ்கின் விலையே அவ்வளவு இல்லை.

4கே டிஸ்கில் ரீஜன் பூட்டே கிடையாதே என்பீர்கள். உண்மைதான், கிடையாது. ஆனால் அங்கேயும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டிஸ்க் வெளியிடும் அமெரிக்க கிரைடீரியன் நிறுவனத்தின் 4கே பதிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். 4கே டிஸ்கில் படம் இருக்கும், அது எங்கும் ஓடும். பேட்டிகள், ஆவணப்படங்கள், படப்பிடிப்புக் காட்சிகள் எல்லாம் கூட வருகிற ப்ளூ-ரேயில் இருக்கும்; அது ஏ என்று பூட்டியிருக்கும். ஆக, இந்த எக்ஸ்ட்ராஸுக்காகவே அவ்வளவு காசு கொடுக்கிறவன் படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தூங்கப் போக வேண்டியதுதான். இதைப் பரிந்துரையில் யாராவது சொன்னார்களா? "எக்ஸ்ட்ராஸ் குவிந்து கிடக்கின்றன" என்று மட்டும் சொன்னார்கள்.

அடுத்தது படத்தின் தரம். இதில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஜேம்ஸ் கேமரூனின் ஏலியன்ஸ், தி அபிஸ், ட்ரூ லைஸ் மூன்றும் 2024ல் 4கே டிஸ்கில் வந்தன. அபிஸும் ட்ரூ லைஸும் அதுவரை ப்ளூ-ரேயில்கூட முறையாக வராத படங்கள். வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள் போட்டுப் பார்த்தால், ஃபிலிமிலேயே இருக்கும் பொடிப்பொடியான புள்ளிகளான கிரெய்னை வழித்தெடுத்து, கணினியால் கூர்மையாக்கி, சில இடங்களில் முகங்களை மெழுகு பொம்மையாக்கி வைத்திருந்தார்கள். ட்ரூ லைஸ்தான் மூன்றிலும் மோசம். பிடித்தவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இப்படி ஒரு சர்ச்சை இருக்கிறது என்ற தகவலாவது வாங்குகிறவனுக்கு வர வேண்டாமா? "கடைசியில் வந்துவிட்டது, உடனே வாங்குங்கள்!" இதுதான் பரிந்துரை. 2010ல் பிரிடேட்டர் படத்தின் புதுப் பதிப்பில் இதே வழித்தெடுக்கும் வேலையைச் செய்து ஊரே சிரித்தது. பதினான்கு வருடம் கழித்தும் பட்டியல்காரர்கள் கிரெய்ன் என்றால் அழுக்கு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அழுக்கில்லை ஐயா, படமே அதில்தான் இருக்கிறது.

இன்னொரு பக்கம், உண்மையிலேயே வேண்டியது வருவதில்லை. ஸ்டார் வார்ஸ் முதல் மூன்று படங்களும் எத்தனை தடவை எத்தனை டப்பாவில் வந்துவிட்டன! ஆனால் முதல் படம் 1977ல் தியேட்டரில் ஓடிய அதே வடிவம், பின்னால் செய்த ஒட்டுவேலைகள் இல்லாமல், அதிகாரபூர்வ டிஸ்கில் கடைசியாக வந்தது 2006 டிவிடியில். அதுவும் கூடுதல் டிஸ்காக, டிவிடிக்கு முந்தைய லேசர்டிஸ்க்குக்காகத் தயாரித்த மாஸ்டரிலிருந்து, அதாவது மூலப் பிரதியிலிருந்து எடுத்தது. புது டப்பா வரும்போதெல்லாம் "சேகரிப்பாளர்களின் கனவு" என்று எழுதுகிறார்கள். யாருடைய கனவு என்றுதான் தெரியவில்லை.

டிவி தொடர் பக்கம் போனால் கதை இன்னும் கேவலம். பழைய தொடர்கள் 4:3 என்ற, கிட்டத்தட்டச் சதுரமான அளவில் எடுத்தவை. இன்றைய அகல டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் சிலருக்குப் பொறுக்காது, மேலும் கீழும் வெட்டிவிடுவார்கள். 2019ல் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது சிம்ப்சன்ஸை அப்படித்தான் வெட்டிக் காட்டினார்கள். வெட்டுப்பட்ட பகுதியில்தான் சில ஜோக்குகளே இருந்தன. கூச்சல் கிளம்பிய பிறகு 2020ல் பழைய அளவையும் கொடுத்தார்கள். பழைய டிவிடி வைத்திருந்தவனுக்கு எந்தக் கவலையும் இல்லை. அதனால் ஒரு தொடரின் பாக்ஸ் செட்டைப் பரிந்துரைப்பவர் முதல் வரியில் சொல்ல வேண்டியது அளவு என்ன என்பதை. அப்புறம், எதிலிருந்து எடுத்தது என்பதை. ஸ்டார் ட்ரெக்கின் நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரை ஃபிலிமில் எடுத்து வீடியோ டேப்பில் எடிட் செய்திருந்தார்கள். 2012லிருந்து ப்ளூ-ரே கொண்டுவருவதற்காக ஃபிலிம் நெகட்டிவைத் தேடியெடுத்து, மறுபடி ஸ்கேன் செய்து, ஏழு சீசனையும் முதலிலிருந்து எடிட் செய்து, கிராபிக்ஸையும் மறுபடி கோத்தார்கள். அது உழைப்பு. அந்த டிஸ்கைப் பரிந்துரைத்தால் நான் கைகூப்பி வாங்குவேன். டேப்பைப் பெரிதாக்கி ப்ளூ-ரே என்று போட்டுக் கொடுக்கிற தொடர்களையும் அதே பட்டியலில், அதே ஐந்து நட்சத்திரத்தோடு போட்டால் எப்படி?

பிரிட்டிஷ் டிவிடிகளில் இன்னொரு வில்லங்கம். விநாடிக்கு 24 ஃபிரேம் என்று எடுத்த படத்தை 25 என்று ஓட்டுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியைத் திருத்தாமல் விட்டால் குரலும் பாட்டும் கொஞ்சம் மேலே ஏறி ஒலிக்கும். கேட்டுப் பழகிய பாட்டில் இதைக் கண்டுபிடிக்காமல் இருக்க முடியாது.

பாட்டு என்றதும் நம்ம ஊர் ஞாபகம் வந்துவிட்டது, கோபம் இரட்டிப்பாகிவிட்டது. தமிழ்ப் பட டிவிடி வாங்கிய தலைமுறைக்குத் தெரியும்: திரையின் மூலையில் படம் முழுக்க நிறுவனத்தின் லோகோ மிதக்கும். முக்கியமான காட்சியில் கீழே போன் நம்பர் ஓடும். பாட்டு வந்தால் சப்டைட்டில் ஓய்வெடுக்கும். ஒரே டிவிடியில் மூன்று படத்தைத் திணித்து வைப்பார்கள், கூட்டமான காட்சியில் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். மோனோவில், அதாவது ஒரே தடத்தில் ஒலி பதிவான பழைய படத்தின் அட்டையில் ஆறு தடத்து 5.1 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்த விலைக்கு அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை என்று அப்போது விட்டுவிட்டோம். அந்த நிறுவனமும் போய்விட்டது. பர்மா பஜாரில் டிஸ்க் தேடிய கூட்டமும் போனுக்கு மாறிவிட்டது.

இப்போது ரீரிலீஸ் காலம். 2012ல் கர்ணனைப் புதுப்பித்துத் தியேட்டரில் விட்டார்கள், கூட்டம் வந்தது. 2024ல் கில்லியை 4கே என்று போட்டார்கள், தியேட்டரே ஆடியது. நல்லது, சந்தோஷம். அந்த 4கே எங்கே? எந்த டிஸ்கில் என் வீட்டுக்கு வருகிறது? என் கண்ணில் இதுவரை படவில்லை. அதே சமயம், தமிழ் பேசும் தீபன் படத்தின் அழகான ப்ளூ-ரே 2017லேயே கிரைடீரியனில் வந்துவிட்டது. படம் பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓதியாருடையது, கான் விழாவில் முதல் பரிசு வாங்கியது. மெட்ராஸ் ஜெமினி ஸ்டூடியோவில் உதய் சங்கர் எடுத்த 1948ம் வருடத்து கல்பனாவும், இந்திப் படம்தான், அதே நிறுவனத்தின் 2022 பாக்ஸ் செட்டில் புதுப்பித்த பிரதியாக இருக்கிறது. நம் ஊரில் எடுத்த படத்தைப் பார்க்க நான் நியூயார்க்கிலிருந்து பார்சல் வரவழைக்க வேண்டும். தமிழில் டிஸ்க் பரிந்துரை செய்கிறவர்களாவது இந்த இரண்டையும் சொல்கிறார்களா என்றால், இல்லை. அவர்களும் அதே சூப்பர்ஹீரோ படத்தின் ஐந்தாவது ஸ்டீல்புக்கைத்தான் தூக்கிக் காட்டுகிறார்கள்.

"மாமா, எல்லாம்தான் போன்லயே இருக்கே, எதுக்கு இந்தத் தட்டு?" என்று என் அக்கா மகன் கேட்பான். இருக்கும்டா, அவர்கள் வைத்திருக்கும் வரை இருக்கும். 2024 ஜனவரியில் அன்னபூரணி படம் எதிர்ப்பு வந்ததும் நெட்ஃபிளிக்ஸிலிருந்து காணாமல் போனது. படம் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். நேற்று இருந்தது இன்று இல்லை. டிஸ்னி பிளஸ் தானே எடுத்த வில்லோ தொடரை முடிந்த சில மாதத்திலேயே 2023ல் தூக்கிவிட்டது. தரத்தையும் சொல்ல வேண்டும்: 4கே டிஸ்கில் விநாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேலும் தகவல் போக இடம் உண்டு, ஸ்ட்ரீமிங்கில் பெரும்பாலும் 15லிருந்து 25 வரைதான். இருட்டுக் காட்சி வந்தால் யாரும் சொல்லாமலே வித்தியாசம் தெரியும்.

இதைக் கேட்டால் பட்டியல்காரர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "டிஸ்க் தொழிலே செத்துக்கொண்டிருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் 2023ல் தபாலில் டிவிடி அனுப்புவதை நிறுத்திவிட்டது, அமெரிக்காவின் பெஸ்ட் பை கடைகளில் 2024லிருந்து டிஸ்கே இல்லை, எல்ஜி பிளேயர் செய்வதை விட்டுவிட்டது. இந்த நேரத்தில் குறை சொன்னால் வருகிறதும் வராது." பயம் புரிகிறது. ஆனால் கணக்கு தப்பு. 2009ல் கிளாடியேட்டர் ப்ளூ-ரே சொதப்பலாக வந்தபோது வாங்கியவர்கள் சும்மா இருந்தார்களா? கத்தினார்கள். அடுத்த வருடமே படத்தைப் புதிதாக டிஜிட்டலுக்கு மாற்றி, திருத்திய டிஸ்க் வந்தது. கைதட்டிக்கொண்டே இருந்திருந்தால் அந்த முதல் குப்பைதான் இன்னும் அலமாரியில் இருந்திருக்கும்.

சேகரிப்பாளர்கள் மேல் அவ்வளவு அக்கறை என்றால் இன்னொன்றும் கேட்கிறேன். 2006லிருந்து 2008 வரை தயாரான தங்கள் டிவிடிகளில் சில கெட்டுப்போவதாக வார்னர் நிறுவனமே 2025ல் ஒத்துக்கொண்டது. பார்க்கப் பளபளவென்று இருக்கும், பாதியில் நின்றுவிடும். அலமாரியில் இருக்கும் அந்த வருடத்து வார்னர் டிவிடிகளை எடுத்து ஓட்டிப் பாருங்கள், கெட்டிருந்தால் மாற்றிக் கேளுங்கள் என்று எந்தப் பரிந்துரையாளர் வீடியோ போட்டார்? அதில் லிங்க் இல்லையே, கமிஷன் இல்லையே.

அதனால் பட்டியல் அனுப்புகிற நண்பர்களே, அடுத்த முறை அனுப்புவதற்கு முன்னால் டிஸ்கைப் போட்டு ஒரு அரை மணி நேரமாவது பாருங்கள். ரீஜன் என்ன, அளவு என்ன, நெகட்டிவிலிருந்து எடுத்ததா பழைய மாஸ்டரா, அசல் ஒலி இருக்கிறதா, பழைய பதிப்பை விட எதில் மேல் என்று நாலு வரி எழுதுங்கள். ஸ்டீல்புக் புடைத்திருக்கிறதா என்பதை நான் கையில் வாங்கித் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். பத்தில் மூன்றுக்காவது "வேண்டாம்" என்று போடுங்கள், மீதி ஏழையும் நம்பி வாங்குவேன், உங்கள் லிங்க்கிலேயே வாங்குவேன்.