420, 4:20, நடுவில் என் அக்கா

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு அக்கா போன் பண்ணினாள். குரலே சரியில்லை. பையனுடைய பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு பட்டியலைத் தட்டிவிட்டிருக்கிறார்கள், 'உங்கள் பிள்ளை இந்த வார்த்தைகளைப் பேசினால் உஷார்' என்று. ஸ்டஃப், ஐஸ், ஸ்டாம்ப், பேப்பர், பொட்டலம், சரக்கு, 420 என்று அது பாட்டுக்கு நீள்கிறது. பையனிடம் கடிகாரப் படம் போட்ட ஒரு டீ-ஷர்ட் உண்டு, முள் நாலு இருபதில் நிற்கும், தள்ளுபடியில் இவளே ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தது. "ஏன்டா, 420-ன்னா ஏமாத்துக்காரன்னுதானே அர்த்தம்? இதுல கஞ்சா எங்கடா வந்துச்சு?"

நியாயமான கேள்வி. 1860-இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 420-ஆவது பிரிவு மோசடிக்கானது, ஏழு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். சட்டப் புத்தகத்தைக் கண்ணால் பார்க்காதவர்கூட சீட்டுப் பணத்தோடு ஓடிப்போனவனை "சரியான ஃபோர்ட்வென்ட்டி" என்றுதான் திட்டுவார். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டமே இல்லை. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே குற்றம் 318(4) ஆகிவிட்டது. அதற்காக யாராவது "அவன் ஒரு முந்நூத்திப் பதினெட்டு, பிராக்கெட்ல நாலு" என்று திட்டப் போகிறார்களா என்ன?

அமெரிக்காவில் 420 என்றால் கஞ்சா. அந்த 420-க்கும் நம்முடையதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 1971-இல் கலிஃபோர்னியாவில் சான் ரஃபேல் என்ற ஊரில் ஐந்து பள்ளிப் பையன்கள். எப்போதும் ஒரு சுவரை ஒட்டி நின்று அரட்டை அடிப்பார்களாம், அதனால் தங்களுக்கு 'வால்டோஸ்' என்று பேர் வைத்துக்கொண்டார்கள், சுவருக்கு ஆங்கிலத்தில் என்ன என்று யோசித்தால் புரிந்துவிடும். பாயிண்ட் ரேயஸ் பக்கம் யாரோ கஞ்சாச் செடி போட்டுவிட்டுக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று துப்புக் கிடைக்கிறது, கையில் ஒரு வரைபடமும் கிடைக்கிறது. விளையாட்டுப் பயிற்சி முடிந்து எல்லாரும் கூடச் சரியான நேரம் 4:20, இடம் பள்ளி வளாகத்தில் இருந்த லூயி பாஸ்டர் சிலை. நடைவழியில் எதிர்ப்பட்டால் "420 லூயி" என்பார்கள். அப்புறம் லூயி கழன்றுபோய் வெறும் 420 ஆனது. அந்தச் செடி கடைசி வரை கிடைக்கவே இல்லை. ஆனால் வாத்தியார் எதிரிலும் அப்பா அம்மா எதிரிலும் கூசாமல் சொல்ல ஒரு எண் கிடைத்துவிட்டது.

அந்தப் பையன்களில் சிலருக்கு 'கிரேட்ஃபுல் டெட்' இசைக்குழுவின் வட்டாரத்தில் பழக்கம் இருந்தது. அந்த ரசிகர் கூட்டம் வழியாக எண் ஊர் ஊராகப் போனது. 1990 டிசம்பரில் ஓக்லாந்தில் ரசிகர்கள் விநியோகித்த ஒரு துண்டுச்சீட்டு 'ஹை டைம்ஸ்' பத்திரிகைக்காரர் ஒருவர் கைக்கு வர, அடுத்த வருஷம் அது அச்சிலும் வந்தது. வேடிக்கை என்னவென்றால், 420 என்பது கஞ்சாவுக்குப் போலீஸ் வைத்த ரகசிய எண் என்று அந்தச் சீட்டில் இருந்தது. முழுக் கட்டுக்கதை. இன்றைக்கும் நம் ஆட்கள் அதைத்தான் வீடியோ போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்கப்புறம் அந்த எண்ணுக்கு என்ன ரகசியம் மிச்சம்? 2003-இல் கலிஃபோர்னியா மருத்துவக் கஞ்சாவுக்குப் போட்ட மசோதாவின் எண்ணே 420. கொலராடோ நெடுஞ்சாலையில் 420-ஆவது மைல் பலகையை ஓயாமல் திருடிக்கொண்டு போக, அலுத்துப்போய் 419.99 என்று எழுதி நட்டுவிட்டார்கள். 2017-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறிவிட்டது. கடைசியாக என் அக்காவின் வாட்ஸ்அப்புக்கும் வந்து சேர்ந்தாயிற்று.

இதனால்தான் இந்த மாதிரிப் பட்டியல்களை நான் மதிப்பதில்லை. ரகசியச் சொல்லுக்கு இருக்கிற ஒரே வேலை, பக்கத்தில் நிற்கும் பெரியவருக்குப் புரியாமல் இருப்பது. அது பெற்றோர் குழுவில் பார்வர்டு ஆகும்போது பையன்கள் அதைக் கைகழுவி வருஷக்கணக்காகியிருக்கும். பிள்ளை நிஜமாகவே ஏதாவது வலையில் விழுந்திருந்தால் தூக்கம், சாப்பாடு, கையில் புழங்கும் காசு, திடீரென்று மாறிப்போன நண்பர்கள் என்று அது வேறு இடத்தில் தெரியும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு "பேப்பர் வாங்கணும்" என்றவனை விசாரணை பண்ணினால் இருக்கிற பேச்சும் நின்றுபோகும்.

பட்டியலில் 'சரக்கு' இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. நாட்டு மருந்துக் கடையில் சுக்கும் திப்பிலியும் சரக்கு. மளிகைச் சரக்கு, சரக்கு ரயில், சரக்கு லாரி. எங்கள் தெரு முனை டீக்கடையில் 'சரக்கு மாஸ்டர் தேவை' என்று அட்டையில் எழுதிக் கட்டியிருக்கிறார்கள், அவர் வடையும் போண்டாவும் போடுகிறவர். வடக்கிலிருந்து வந்த என் அலுவலக நண்பனுக்கு அதைப் படித்துக் காட்டியபோது, அவன் சென்னையில் கற்றுக்கொண்ட முதல் பத்துச் சொற்களில் சரக்கும் ஒன்று என்பதால், டீக்கடைக்குள் பார் நடக்கிறது என்றே முடிவு கட்டிவிட்டான். ஜிஎஸ்டிக்கும் தமிழில் சரக்கு மற்றும் சேவை வரி என்றுதான் பேர், அந்த வரி டாஸ்மாக் பாட்டிலுக்குக் கிடையாது. ஆக, அந்தச் சரக்குக்குச் சரக்கு வரி இல்லை!

'மப்பு' என்றால் வானம் மூட்டமாக இருப்பது, மப்பும் மந்தாரமுமாக இருக்கிறது என்று என் பாட்டி துணி காயப்போடும்போது சொல்வாள். இப்போது அதை வானத்துக்குச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். 'தம்' பாரசீகத்தில் மூச்சு. தம் கட்டி ஓடுவதும், தம் அடிப்பதும், மூடிக்கு மாவு ஒட்டி இறக்கும் தம் பிரியாணியும் ஒரே மூச்சுதான். 'டோப்' டச்சுக்காரன் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்ட குழம்பாகக் கிளம்பி, குழம்புப் பதத்தில் இருந்த அபினுக்குப் போய், அப்புறம் எல்லாப் போதைக்கும் பொதுவாகி, இன்று நல்ல பாட்டைக் கேட்டால் "டோப்பா இருக்கு" என்பதில் நிற்கிறது. எந்த வருஷத்து அர்த்தத்தை வைத்து நாம் பிள்ளைகளைப் பிடிப்பது?

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். டீ-ஷர்ட் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. "டேய், இந்த 4:20 என்னன்னு தெரியுமா?" என்றேன். "தெரியும் மாமா, அதெல்லாம் அங்கிள்ங்க யூஸ் பண்றது" என்றான், மொபைலிலிருந்து தலையைத் தூக்காமல். சரி, இப்போ நீங்கல்லாம் என்னடா சொல்றீங்க என்று கேட்டேன். இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தான்.

"சொன்னா நீங்க ஃபேஸ்புக்ல போட்டுடுவீங்க மாமா."